ஏகாம்பரம் அண்ணன் குறி தப்பிய கதை

மாகறல் சினேகிதங்களுக்கு,

இன்னைக்குக் காலையில தெரு நீளத்துக்கும் தறிக்குப் போற பட்டு நூலைப் பாவு நீட்டியிருந்தோம். அந்தக் கோடியில ஓட்டு மேல ஒரு குரங்கு குந்திக்கினு நூலையே பார்த்துக்கினு இருந்தது. இறங்கிப் பிய்ச்சா ஒரு மாச வேலை போச்சு.

பக்கத்து வீட்டு ஏகாம்பரம் அண்ணன் ஏர்கன் துப்பாக்கியோட இந்தக் கோடியில நின்னார். அம்பது கஜத்துல எலுமிச்சம்பழத்தை அடிக்கிற ஆளு. எப்பவும் குரங்குக்குப் பக்கத்து ஓட்டைத்தான் அடிப்பார், சத்தத்துலயே ஓடிடும். ஸ்பிரிங் துப்பாக்கி, இறுக்கிப் பிடிச்சா எகிறிக் குறி மாறிடும்னு உள்ளங்கையில லேசாத்தான் வெச்சுக்குவார்.

என் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, கை நடுங்குது! குரங்கு சிரிக்குது பாரு!"

தெருவே சிரிச்சது. அவர் ரோஷத்துல துப்பாக்கியை இறுக்கிப் பிடிச்சார். குறி தப்பிடுச்சு. ரவை கண்ணுல பாய்ஞ்சு குரங்கு பாவு மேலயே விழுந்தது.

வயித்துல குட்டி ஒட்டிக்கினு இருந்தது அவ்ளோ தூரத்துல தெரியல.

மாலை போட்டு, சங்கு ஊதி, பாலாத்தங்கரைக்குத் தூக்கிக்கினு போனோம். குட்டியைப் பிரிக்கத்தான் பெரும்பாடு.

"கொன்னவன் முதல் மண்ணு போடணும்"னார் ஒரு பெரியவர்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "நீ போடுப்பா."

போட்டேன்.

குட்டி இப்ப என் மடியில, எழுதற விரலைப் பிடிச்சுக்கினு இருக்குது. பால் குடிக்க மாட்டேங்குது. வழி தெரிஞ்சவங்க உடனே கார்டு போடுங்கபா. கிண்டல் மட்டும் வேணாம்.