மைக் முன்னால் பிரித்த தாள்

ஆர்வெல்லா பெட்வே ஒன்பது வருடமாகப் பாட்டு எழுதினாள்; ஒன்பது வருடமாக மேடையேறிப் பாடவும் செய்தாள். ஆனால் தான் எழுதிய ஒரு வரியைக்கூட அவள் தன் வாயால் பாடியதில்லை. மெம்ஃபிஸில் அவளோடு தினம் பழகியவர்களுக்கே இது தெரியாது.

எல்லாம் அவள் கணவன் கிளெமன் பெட்வே செய்த ஏற்பாடு. கிளெமன் பியானோ வாசிப்பவன். கல்யாணமான முதல் வருடம் அவன் தன் அம்மாவைக் கூட்டிவந்து மூன்று வாரம் வைத்துக்கொண்டதில் சமையலறையில் பெரிய சண்டை. கத்தி ஓய்ந்த பிறகு அவன் சொன்னான்: "நீ பேச வேண்டியத நான் எழுதுறேன். நான் பேச வேண்டியத நீ எழுது. அப்பவாவது அடுத்தவங்க நியாயம் புரியுதான்னு பாப்போம்."

அந்தச் சண்டை பாட்டாகி, தெற்கே எங்கள் கறுப்பு ஜனங்கள் கேட்கிற எல்லா ரேடியோவிலும் ஓடியது. பிறகு அவர்கள் அந்த முறையை மாற்றவே இல்லை. பெண் பாடும் வரிகள் அவனுடையவை, ஆண் பாடும் வரிகள் அவளுடையவை. மெட்டு மட்டும் பொது. எழுதியதை ஒருவருக்கொருவர் முன்கூட்டிக் காட்டுவதில்லை. ஸ்டுடியோவில் மைக் முன்னால் நின்ற பிறகுதான் தாளை மாற்றிக்கொள்வார்கள். முதல் தடவை படிக்கும்போது தொண்டையில் வருகிற தடுமாற்றம் இரண்டாம் தடவை வராது என்பது கிளெமனின் கணக்கு.

சர்ச்சில் பாடிக்கொண்டிருந்த பெண் அவள். முதல் ரெக்கார்டு வந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் மூத்தவளான சிஸ்டர் ஹேட்டி வாசலிலேயே மடக்கினாள். "கர்த்தர் குடுத்த குரலச் சாராயக்கடைக்குக் கொண்டுபோறியாமே?"

"அங்க இருக்கிறவங்களுக்கும் காது இருக்கு சிஸ்டர்," என்றாள் ஆர்வெல்லா.

அந்தக் காதுகளைத் தேடித்தான் ஒன்பது வருடமும் போனது. ஊர் ஊராகக் கார் ஓடியது. எங்கள் நிறத்துக்கு அறை தராத ஊர்களில் காரிலேயே தூங்கினார்கள். செருப்புப் பெட்டியில் கட்டிவந்த கோழிப் பொரியலை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். பாட்டு முடிந்ததும் பெண்கள் ஆர்வெல்லாவின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். "பொம்பள மனச உன்னாட்டம் யாரு சொல்லுவாங்க? என் வயித்துக்குள்ள பூந்து எடுத்த மாதிரி இருக்கு." அவள் சிரித்து வைப்பாள். அவர்கள் புகழ்ந்தது எல்லாம் கிளெமன் எழுதியது. அவள் மனதில் இருந்தது எதுவோ அது இன்னும் எந்த மேடையிலும் ஏறவில்லை.

1966 அக்டோபரில், அக்கா லுரீனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவள் சிகாகோவுக்கு ரயிலேறினாள். அக்கா வீட்டுக்குப் போகவில்லை. ஒரு ரெக்கார்டு கம்பெனிக்குப் போனாள். அவள் பேரை மட்டும் போட்டுப் பாட்டு வெளியிடுவதாக அவர்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். அவள் ஒன்றுதான் கேட்டாள்: "நான் எழுதினத நானே பாடலாமா?"

அவள் வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று நினைத்துக் கம்பெனி ஆள் சிரித்தான். "பின்ன வேற யாரும்மா பாடுவாங்க?"

ஆர்வெல்லா டியூக்ஸ் என்று அப்பா வீட்டுப் பேரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

வந்த பிறகு கணவனிடம் சொல்ல வாய் வரவில்லை. காலையில் சொல்லலாம் என்று நினைப்பாள், அவன் முட்டையைத் தட்டில் வைத்து அவள் பக்கம் தள்ளுவான், நாள் போய்விடும். கடைசியில் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. முன்பொரு பாட்டில் 'இனி சாராயத்தைத் தொட மாட்டேன்' என்று அவனுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். அதைப் பாடியவன் அன்றோடு குடியை விட்டான். மைக்கில் சொன்னதை மாற்றிப் பேசுகிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. அடுத்த பாட்டில் அவள் சிகாகோ போகத் தனக்குத் தானே அனுமதி எழுதிக்கொண்டாள். அதை அவன் பாடிவிட்டால் போதும்.

அந்தப் புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஸ்டுடியோ. நாற்காலி கட்டில் விற்ற கடையாக இருந்த இடம் அது. கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி கிராடி உட்கார்ந்திருந்தார். டிரம்ஸ்காரன் ஹோசியா குச்சியைச் சுழற்றிக்கொண்டே, "இன்னிக்கு யாரு யார அடிக்கப்போறீங்க? ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வெக்கட்டுமா?" என்றான்.

"உனக்கும் சேத்து ஒரு கட்டில் சொல்லி வை," என்றான் கிளெமன். தாளை நீட்டினான். அவளும் தன்னுடையதைக் கொடுத்தாள். அவன் பிரிக்காமல் பியானோ மேல் வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தான். பெண்ணின் பாட்டு முதலில் வந்தது.

அவள் தாளைப் பார்த்துப் பாடினாள்.

*அக்கா வீட்டுக்குன்னு ரயிலேறிப் போனேன்,
அக்கா வீட்டு வாசல மிதிக்கவே இல்ல.
உன் பேர வெளியில நிறுத்தி வெச்சுட்டு
என் பேர மட்டும் எழுதிட்டு வந்தேன்.*

இரண்டு வரி பாடிய பிறகுதான் தான் என்ன பாடுகிறோம் என்பது அவளுக்கு எட்டியது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. தாளில் இருப்பதைப் பாடி ஒன்பது வருடம் பழகிய வாய். ஹோசியா கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடிக்குப் பின்னால் கிராடி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அவளுக்கு இன்னும் இரண்டு வரி மிச்சமிருந்தது.

*மூணு வாரமா கேக்காம இருக்கான் வீட்டுக்காரன்,
கேக்காதவனுக்கு எப்படிச் சொல்லுவேன்?*

பாடி முடித்து நிமிர்ந்தாள். கிளெமன் அவளைப் பார்க்கவில்லை. அவன் முறை வந்துவிட்டது, தாளைப் பிரித்தான். "நீ போகணும்னா," என்று தொடங்கினான்.

அங்கேயே நின்றான். பியானோவும் நின்றது. டிரம்ஸும் பேஸ் கிடாரும் மட்டும் போய்க்கொண்டிருந்தன. அவன் கண் வரிவரியாகக் கீழே இறங்குவதை அவள் பார்த்தாள். *நீ போகணும்னா போ, கதவச் சாத்த மாட்டேன். போனதுக்கு உன்மேல கோபமும் வெக்க மாட்டேன்.* கடைசி வரிக்கு வந்ததும் அவன் முகம் கன்னத்தில் அறை வாங்கியவன் முகம்போல ஆனது.

எழுந்து வந்தான். தாளை அவள் முன்னால் இருந்த ஸ்டாண்டில் வைத்தான். மைக்கில் விழாதபடி, மெதுவாகச் சொன்னான்: "இத நான் பாடினா பொய்யி. இது உன் ஆசை. நீயே பாடு."

ஹோசியா நிறுத்தவில்லை. கிராடி, விடாதே, போ போ என்று கையால் சுழற்றிக் காட்டினார். ஆர்வெல்லா பாடினாள். முதன்முதலாக அவள் எழுதியதை அவள் பாடினாள். இந்த நிமிஷத்தை அவள் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். நீ போகணும்னா போ என்று அவள் பாட, கிளெமன் ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தான். கதவைச் சாத்த மாட்டேன் என்றபோது வாசலைத் தாண்டியிருந்தான். அவனைப் போகச் சொல்லி அவள் ஒருநாளும் எழுதவில்லை. ஆனாலும் அந்த அறையில் அதைத்தான் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், அதுவும் மிக நன்றாக.

கிராடி ஓடிவந்தார். "வெல்லா, இத மறுபடி எடுக்கவே வேணாம். பாதியில பியானோவ நிறுத்தணும்னு யாருக்குத் தோணிச்சு? உனக்கா, அவனுக்கா?"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஹோசியா குச்சிகளைக் கீழே வைத்தான். "மொதலாளி, சும்மா இருங்க," என்றான்.

வெளியே கிளெமன் காரில் உட்கார்ந்திருந்தான். அன்று மாலை ஜாக்சனில் அவர்கள் பாட வேண்டும். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"எப்படித் தெரியும்?"

"சிகாகோவுலேருந்து ஒரு பொண்ணு போன் பண்ணி, மிஸ் டியூக்ஸ் இருக்காங்களான்னு கேட்டுச்சு. அப்படி இங்க யாரும் இல்லம்மான்னு வெச்சிட்டேன். வெச்சப்புறம்தான் அது உன் பேருன்னு ஞாபகம் வந்திச்சு." அவன் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்புறம் லுரீனுக்குப் போன் போட்டேன். உன்னப் பாத்து ரெண்டு வருஷமாச்சுன்னா."

"என்னக் கேட்டிருக்கலாமே, பெட்வே."

"கேட்டா நீ சொல்லியிருப்ப. சொல்லிட்டுப் போயிருப்ப. எழுதிக் குடுத்தா பாடுவ, பாடும்போது ஒடைஞ்சிருவ, அதுக்கப்புறம் போக மாட்டன்னு நெனச்சேன்."

"நானும் அதையேதான் நெனச்சேன். நீ பாடிட்டா தடுக்க மாட்டன்னு."

"நல்ல சோடி," என்றான். சிரிப்பு வரவில்லை. "எப்ப போகணும்?"

"ஜனவரியில."

"அதுவரைக்கும் பன்னெண்டு ஊரு இருக்கு. புதுப் பாட்டு கேப்பாங்க." காரில் சாவியைச் செருகினான். "இனிமே உன்னுத நீ எழுதிக்க. என்னுத நான் எழுதிக்கறேன்."

ஒன்பது வருடமாக அவள் கேட்க நினைத்தது அதைத்தான். கேட்காமலே கிடைத்ததும் யாரோ செத்த செய்தி கேட்டவள்போல் உட்கார்ந்திருந்தாள். மாத்திச் சொல்லு என்று கெஞ்ச வேண்டும்போலிருந்தது. நான் எழுதினத நானே பாடலாமா என்று சிகாகோவில் கேட்டதை நினைத்துப் பார்த்தாள். அந்த ஆசையும் பொய்யில்லை.

"போகணும்னுதானே இருக்க?" என்று கேட்டான். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தே கேட்டான்.

"ஆமா."

குரல் தடுமாறாமல் வந்தது. அதுதான் அவளுக்கே அதிர்ச்சி. கிளெமன் தலையாட்டிவிட்டுக் காரைக் கிளப்பினான். ஜாக்சன் போய்ச்சேர நாலு மணி நேரம்.