சுண்ணாம்புப் பனி

அந்தத் தை மாதம் அரியலூருக்கு மேற்கே ஓர் ஊரில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் பெரம்பலூரில் ஒரு லாட்ஜில் வேலை. பிடிக்கவில்லை, வந்துவிட்டேன். பருத்திக்காடு ஓர் அக்காவுடையது; புருஷன் திருப்பூரில். அக்காவின் மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொண்டேன். தரை ஈரம், எலி உண்டு, சோறு சூடாக வரும்.

காட்டை ஒட்டிய மண்பாதையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். ஒன்று கிளப்பிய புழுதி அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். வெடித்த பருத்தியெல்லாம் சாம்பல் நிறம். கையில் எடுத்தால் நறநறக்கும். வியாபாரி பார்த்துவிட்டு, "இப்படியே இருந்தா வேணாங்க" என்று போய்விட்டார். லாரிகளைத் தார்ரோட்டில் திருப்பிவிட்டால் மீதிக் காயாவது பிழைக்கும். அதற்காக அக்கா ஏறாத ஆபீஸ் இல்லை. லாரிகள் ஒரு பெரும்புள்ளியுடையவை. கட்சியில் பெரிய பதவி.

ஒருநாள் டிவியிலிருந்து வந்தார்கள். மைக் பிடித்த ஒரு பெண்ணும் கேமராக்காரரும். அக்கா ஓடிப்போய் நல்ல சேலை கட்டிவந்து, ஒரு காயை விரித்துக் காட்டித் திக்காமல் பேசினார். "கண்டிப்பா வரும்க்கா" என்றாள் அந்தப் பெண். கேமராக்காரர் நெடுநேரம் பாதையையே எடுத்தார்.

ஞாயிறு காலை டீக்கடையில் கூடினோம். டிவியில் எங்கள் பாதை வந்தது. வெள்ளையாக, அடுக்கடுக்காக, புல்லாங்குழலோடு. மஞ்சள் விளக்குகள் மட்டும் மிதந்துவந்தன, லாரி தெரியவில்லை. பனைமரங்கள் இடுப்பளவு வெண்மையில் நின்றன. 'அரியலூரில் ஓர் ஊட்டி' என்று கீழே ஓடியதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அக்காவும் அதில் வந்தார். குரல் இல்லை, வாய் மட்டும் அசைந்தது. பருத்தியை நீட்டி எங்களை அழைப்பதுபோல் இருந்தது. பார்க்கப் பார்க்க அந்த ஊருக்குப் போய்விட வேண்டும்போல் தோன்றியது. அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

டீ ஆற்றியபடி கடைக்காரர் அக்காவிடம் சொன்னார்: "லாரி யாருது, டிவி யாருது? ரெண்டும் ஒரே வூட்டுது. அவுங்களப் பத்தி அவுங்ககிட்டயே சொல்லியிருக்க நீ."

அக்கா கிளாசைக் கீழே வைத்தார். "சேலையாவது நல்லா தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. கலருதான் பனியில வெளுத்துப்போச்சு" என்றார் கடைக்காரர்.

அந்தப் பெரும்புள்ளியைப் பல ஊர் டிவிகளில் பார்த்திருக்கிறேன். தையல் மெஷின் கொடுப்பார், குழந்தையைத் தூக்குவார், பின்னால் இசை ஓடும். அன்றிலிருந்து இசை வந்தாலே, அந்த இடத்தில் யார் குரலை எடுத்தார்கள் என்றுதான் யோசிக்கிறேன்.

அடுத்த ஞாயிறு விடியும்போதே பைக்குகள் வந்தன, திருச்சியிலிருந்து கார்கள்கூட. கல்யாணத்துக்கு முன் போட்டோ எடுக்க ஒரு ஜோடி. மணப்பெண் தரையில் புரளும் வெள்ளை கவுனில் இருந்தாள். ஓரமாக நிறுத்தப் போனவர்களை அக்கா தடுத்தார்.

"ஓரங்கட்டாதீங்க. நடுவுலயே நிறுத்துங்க. அங்கேருந்துதான் நல்லா தெரியும்."

நிறுத்தினார்கள். லாரிகள் வந்து பின்னால் வரிசையாக நின்றன. பாதையில் சக்கரம் ஓடாததால் புழுதி மெல்ல இறங்கியது. வானம் நீலமாகத் திறந்தது. போட்டோக்காரர் கேமராவை இறக்கினார்.

"பனி எங்கேக்கா?"

"அதோ நிக்குது பாருங்க, வரிசையா. ஆரன் அடிக்குது."

முதல் லாரி டிரைவர் இறங்கி வந்தார். "ஏங்க்கா, ஓனருக்கு நான் என்ன சொல்றது?"

"அவுரு டிவியப் பாத்துட்டுத்தான் இவ்வளவு சனம் வந்திருக்குன்னு சொல்லு."

அவர் தலையைச் சொறிந்தார். கொஞ்ச நேரத்தில் லாரிகள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கித் தார்ரோட்டுப் பக்கம் திரும்பின. அப்படி ஒரு அமைதி அந்தக் காட்டில் நான் கேட்டதில்லை. புதிதாக வெடித்திருந்த காய்கள் வெள்ளையாக இருந்தன. அந்த ஜோடி காட்டுக்குள் இறங்கி அவற்றின் நடுவே சிரித்துக்கொண்டு நின்றது. நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா என் தோளில் சாக்கைப் போட்டார். "மசமசன்னு நிக்காத தம்பி. இவுங்க வண்டிய எடுக்குறதுக்குள்ள எடுத்துடணும்."