ஊற்றக் கூடாத தண்ணீர்

செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் எல்லோரும் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். நடந்தாலும் சத்தம் வராது, பேசினாலும் சத்தம் வராது. ஆராய்ச்சிப் பண்ணையில் பதினோரு வருடமாகத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள். அந்த மாதம் அவளுடைய வேலை, ஊற்றாமல் இருப்பது.

மூன்று ரக சோயா, ரகத்துக்கு ஒரு வரிசை. வரிசையில் பாதித் தொட்டிகளுக்கு வளர்ச்சி மருந்து தெளித்தார்கள். பிறகு எல்லாவற்றையும் காயப்போட்டார்கள். எது தாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

பதினாறாம் நாள், மூன்றாவது வரிசையில் மருந்து தெளித்த ஒரு செடி கழுத்து முறிந்தாற்போல் தொங்கியது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. குடிக்க வைத்திருந்ததில் அரை டம்ளரை அதற்குச் சாய்த்துவிட்டாள்.

மறுநாள் அது நிமிர்ந்து நின்றது. விஞ்ஞானி மேடத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மருந்து மூணாவது ரகத்துக்கும் கேக்குது! எல்லாரும் வந்து பாருங்க!"

மருந்து தெளிக்கிறவர் அவள் பக்கம் குனிந்தார். "என்ன பூனை, பாலைத் திருடின முழி முழிக்கிற?"

சொன்னால் வேலை போகும். வீட்டில் உலை கொதிப்பது அவள் ஒருத்தி கையால்தான். சொல்லாவிட்டால் மேடத்தின் ஆராய்ச்சிப் புத்தகத்தில் பொய் ஏறும். மேடத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

"மேடம்... அதுக்கு நான் தண்ணி ஊத்திட்டேன்."

மேடம் அந்தத் தொட்டியின் சீட்டைப் பிடுங்கினார். முகம் சிவந்துவிட்டது. "வேற எதுக்கு ஊத்தின?"

"இது ஒண்ணுதான். என் பிள்ளை மேல சத்தியம்."

"ரெண்டாவது வரிசையிலயும் மருந்து பட்டது நல்லா நிக்குதே, அதுக்கு?"

"அதுங்க கேக்கவே இல்லையே மேடம்." அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. "முத வரிசை பத்து மணிக்கே இலையைத் திருப்பிக்கும், அடிப்பக்கம் வெள்ளியாட்டம் தெரியும். மருந்து அடிச்சாலும் அதேதான், அடிக்கலைன்னாலும் அதேதான். ரெண்டாவதுல மருந்து பட்டதுங்க மூணு மணி வரைக்கும் அசையாது. மூணாவதுல மருந்து படாததை விட பட்டதுதான் சீக்கிரம் துவளுது."

தினமும் எட்டு மணிக்கு அளந்துவிட்டுப் போகிற மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வெயில் கண்ணாடியில் ஏறியது. முதல் வரிசை ஒவ்வோர் இலையாகப் புரண்டு வெளுத்தது. பக்கத்திலேயே, அதே மருந்து, அதே வறண்ட மண், இரண்டாவது வரிசையில் மருந்து பட்ட செடிகள் பச்சை குலையாமல் நின்றன. தினம் பார்த்த அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"இன்னொரு தடவை ஊத்தினா வேலை கிடையாது," என்றார் மேடம், செடிகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "மூணு மணிக்கு நீயும் வந்து நில்லு."