செங்கம்மாள் கடையில் யாரும் வேலை செய்யவில்லை

மாமல்லபுரத்திலிருந்து நெம்மேலிக்குப் போகும் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் செங்கம்மாள் மீன் வறுவல் கடை இருக்கிறது. போர்டில் செங்கம்மாள் அக்காவின் படம் பெரிதாகவும் மீனின் படம் சிறிதாகவும் இருக்கும். அக்காவின் படம் ஆதார் அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. அதனால் இருவரில் மீனுக்குத்தான் கொஞ்சம் சிரித்த முகம்.

மதியத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்து ஆட்கள் சாப்பாட்டுக்கு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் சென்னைக் கார்கள் வரிசையாக நிற்கும். இறங்கி வருகிறவர்கள் வஞ்சிரம் என்ன விலை என்று விசாரித்துவிட்டு நெத்திலி சாப்பிட்டுப் போவார்கள்.

நான் அங்கே மீன் ஆய்கிறவள். அங்கே வேலை செய்கிறவள் என்று சொல்லக் கூடாது. அக்காவுக்கு அந்தச் சொல் ஆகாது. "உங்க கடையில வேலை செய்யற பொண்ணா?" என்று என்னைக் காட்டி யாராவது கேட்டால் போதும், "வேலை செய்யறவளா? என் தங்கச்சிய்யா அது!" என்று கரண்டியைத் தூக்குவாள். எங்களுக்குள் ஒரு சொந்தமும் கிடையாது. நான் எட்டாவதோடு நின்றேன், அவள் ஒன்றாவதே போகவில்லை, அது ஒன்றுதான் உறவு. சம்பளம் கொடுக்கும்போதுகூட ஏதோ திருட்டுப் பொருள் கைமாறுவது போல "இந்தா, வச்சிக்க" என்று திணிப்பாள். தட்டு கழுவுகிற சின்னராசு மாமா அவளுடைய புருஷன். அவரையும் வேலை செய்கிறவர் என்று சொல்ல முடியாது. அவர் கழுவிய தட்டைப் பார்த்தவர்கள் சொல்லவும் மாட்டார்கள்.

அக்கா மதுராந்தகம் பக்கம் படாளத்துக்காரி. அவளுடைய அம்மா கடைசிவரை ஒரே வீட்டு நிலத்தில் நாற்று நட்டவள். அந்த வீட்டில் பால்பல் விழாத பையன்கூட அவளைக் காட்டி "இது எங்க ஆளு" என்பானாம். "எங்க மாடு, எங்க வண்டி, எங்க ஆளு. அந்த வரிசையில சொல்லுவானுங்க" என்பாள் அக்கா. இங்கே வந்து கடை போட்டபோது, இனி யாருக்கும் ஆளாக இருப்பதில்லை, யாரையும் ஆளாக வைத்துக்கொள்வதும் இல்லை என்று முடிவு கட்டினாள். மதுராந்தகம் ஏரிக் கெண்டையைத் தவிர வேறு மீன் அறியாதவள் கடல் மீன் விற்க வந்தாள். கரையில் ஏலம் விடுகிறவர்கள் முதல் வருடம் முழுக்கப் பழைய மீனாக அவள் தலையில் கட்டினார்கள். அதை மறைக்க அவள் மிளகாயை அள்ளிப் போட்டாள். அந்தக் காரத்துக்காகத்தான் இன்றைக்கும் சென்னையிலிருந்து வருகிறார்கள்.

பிரிசில்லா அக்காவின் அண்ணன் மகள். அண்ணன் கல்யாணத்துக்காகச் சர்ச்சுக்குப் போனவர், ஜோயல் என்று பேர் மாற்றிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். பிரிசில்லா செங்கல்பட்டில் பி.காம். முடித்த கையோடு ஒத்தாசைக்கு என்று கடைக்கு வந்தாள். நாலு வருடமாகியும் ஒத்தாசை தீரவில்லை. டோக்கன் முறை கொண்டுவந்தாள். ஃபோனில் பணம் அனுப்பும் அட்டையை மாட்டினாள். மீன் வாங்கக் கரைக்குத் தானே போனாள். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்காவைக் கல்லாவிலிருந்து எழுப்பி அடுப்புக்கு அனுப்பினாள். "மீன் புதுசா?" என்று கேட்ட ஒருவரிடம் "இல்ல, எங்க தாத்தா காலத்துது" என்று அக்கா பதில் சொன்ன அன்றைக்கு அது நடந்தது.

"அத்த, இனிமே நீ கஸ்டமர்கிட்ட பேசாத."

"என் கடையில நான் பேசக்கூடாதா?"

"கூடாது. மீனு கருகுது பாரு."

அக்கா மீனைத் திருப்பிப் போட்டாள். அதோடு பேச்சு முடிந்தது.

அந்தப் பிரிசில்லாவுக்கு எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்று ஆசை. பக்கத்து ரிசார்ட்டுக்கு மீன் கொடுக்கப் போவாள். அங்கே சாப்பாட்டுப் பிரிவுக்கு உதவி மேலாளர் தேவை என்றும், எம்.பி.ஏ. படிப்பவராக இருந்தால் நல்லது என்றும் சொல்லியிருந்தார்கள். "அவங்க பின்வாசல்ல எனக்குத் தெரியாத எலி கெடையாது. முன்வாசல் எப்படி கீதுன்னு பாக்கணும்" என்பாள் என்னிடம். சென்னையில் ஒரு கல்லூரியில் வேலை செய்துகொண்டே படிக்கிற எம்.பி.ஏ. இருந்தது. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு. அந்தத் தேர்வை எழுதவே தனியாகத் தகுதி வேண்டும்.

பட்டம் வேண்டும், பாதிக்கு மேல் மதிப்பெண் வேண்டும். இரண்டும் அவளிடம் இருந்தன. பட்டத்துக்குப் பிறகு மூன்று வருடம் வேலை செய்திருக்க வேண்டும், அதில் மற்றவர்களை வைத்து வேலை வாங்கியிருக்கவும் வேண்டும். அதற்கு முதலாளி தன் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் சான்றிதழ் தர வேண்டும். ஆட்களை வைத்து வேலை வாங்கத் தெரியாதவர்கள்தான் அதைப் படிக்கப் போவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். தெரிந்தவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்று கேட்க நினைத்தேன்.

லெட்டர்ஹெட் அடிக்கப் பிளெக்ஸ் கடை பிரவின்குமாரிடம் போனாள். அவனுக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு: பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி. அவன் கொண்டுவந்த தாளில் அக்கா கை கூப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் மெழுகுவத்தி எரிந்தது.

"டேய், எங்க அத்த இன்னும் சாவலடா."

"மெழுகுவத்திய எடுத்துட்டா ஓரம் காலியா கீதே, இன்னா பண்றது?"

"மீன் போடு."

மெழுகுவத்தி இருந்த இடத்தில் இரண்டு சங்கரா மீன் வந்தன. அக்கா கை கூப்புவதை மட்டும் அவன் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

சான்றிதழை இங்கிலீஷில் எழுதி, மதியக் கூட்டம் ஓய்ந்ததும் பிரிசில்லா அக்காவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாள். செல்வி பிரிசில்லா நான்கு ஆண்டுகளாக என் கடையில் என் கீழ் ஊழியராக வேலை செய்து வருகிறார்.

"நிறுத்து. இன்னாது அது, என் கீழ?"

"அப்டித்தான் அத்த எழுதணும். எல்லா கம்பெனிலயும் அப்டித்தான்."

"நீ எங்க அண்ணன் பொண்ணு. எனக்கு ஆளா நீ?"

"பேப்பர்ல மட்டும்தான்."

"எங்கம்மாவ அவனுங்க வாயாலதான் சொன்னானுங்க. நீ பேப்பர்லயே ஏத்தச் சொல்ற."

பிரிசில்லாவுக்கு முகம் சிவந்தது. "அப்ப நாலு வருஷமா நான் இங்க இன்னா பண்ணிகினு இருந்தேன்?"

"அத்த வூட்டுக்கு வந்துகினு இருந்த."

"தெனமுமா?"

"சொந்தம்னா வருவாங்க, போவாங்க."

"வெள்ளிக்கெழம கடைசி நாளு அத்த. அதுக்குள்ள இத அனுப்பலன்னா இந்த வருஷம் அவ்ளோதான். அத்த வூட்டுக்கு வந்துகினு போனவளுக்கு எவனும் பரீட்ச எழுத சீட்டு குடுக்க மாட்டான்."

அக்கா பேனாவைத் தொடவில்லை. சின்னராசு மாமா தட்டைப் போட்டுச் சத்தம் எழுப்பினார். அவர் கருத்து சொல்வது எப்போதும் அப்படித்தான். எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியாது.

மறுநாள் பிரிசில்லா நல்ல புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நல்லா கீறியா அத்த? மாமா, நல்லா கீறீங்களா? காபி குடுங்க."

"இன்னாடி கூத்து இது?"

"அத்த வூட்டுக்கு வந்திருக்கேன்."

அன்று நடந்ததை நான் மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். கரைக்கு அக்காவே போய், வாங்கிய கூடையில் பாதி பழைய மீனோடு திரும்பினாள். டோக்கனை மாமா எழுதிக் கொடுத்ததில் பன்னிரண்டாம் டோக்கன் மூன்று பேரிடம் இருந்தது. மாமாவிடம் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அவர் எல்லோருக்கும் தண்ணீர் வைத்தார். ஒருவர் "மீன்ல ஒரு மாதிரி வாட வருதே" என்றார். அக்கா கரண்டியோடு வெளியே வந்து, "மீன்ல மீன் வாட வராம மல்லிப்பூ வாடயா வரும்?" என்றாள். நிலையத்து ஆட்கள் ஒரு மேசையாக எழுந்து எதிர்க்கடைக்குப் போனார்கள். பிரிசில்லா வாழைப்பழம் உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கால்தான் மேசைக்குக் கீழே நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.

கடை காலியானதும் அக்கா அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பிறகு மீதியிருந்த பழத்தில் ஒன்றை உரித்தாள்.

"எழுது."

"இன்னா எழுத?"

"நீ என் கீழன்னு எழுத மாட்டேன். செத்தாலும் மாட்டேன். நான் உன் கீழன்னு எழுது."

"அத்த!"

"பொய்யா? என்ன எழுந்திருன்ன, எழுந்தேன். பேசாதன்ன, அடுப்புகிட்ட போய் வாய மூடிகினு நின்னேன். மீன் கூடைகிட்ட கீறாளே, அவளயும் போடு, உங்க மாமாவையும் போடு. மூணு பேரும் உங்கிட்ட வேல செய்யறோம்."

"யாருக்கும் ஆளா இருக்க மாட்டேன்னு சொல்லுவியே?"

"அவனுங்க சொன்னது வேற. இது நானா சொல்றது. எழுதுடி, பழம் தீந்துச்சு."

வெள்ளிக்கிழமை காலையில் சான்றிதழ் போனது. ஒரு வாரம் கழித்து, அக்காவின் கை மசாலாவில் முழுகியிருந்த நேரத்தில் ஃபோன் அடித்தது. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு நான் அவள் வாய்க்கு நேராகப் பிடித்தேன். கல்லூரியிலிருந்து திவ்யா என்று ஒரு பெண் பேசினாள். பிரிசில்லா கரைக்குப் போயிருந்தாள்.

"மேடம், சர்டிபிகேட்ல ஒரு சந்தேகம். நீங்க ஓனரா, ஸ்டாஃபா?"

"ஓனரு நானு. வேல அவகிட்ட."

"அவங்க உங்ககிட்ட வேலை செய்யறாங்க, இல்லையா?"

"இல்லம்மா. நான் அவகிட்ட."

"ஓனர் எப்படி மேடம் ஸ்டாஃபுக்குக் கீழ வேலை செய்வாங்க?"

"உங்க காலேஜிக்கும் ஓனரு கீறாருல்ல? அங்க யாரு வேல செய்யறது, அவரா, நீயா?"

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அவங்க கீழ வேலை செய்யற வேற யாராவது பேச முடியுமா?" என்றாள் அந்தப் பெண். அக்கா மசாலாக் கையால் என்னைக் காட்டினாள். ஃபோன் என் கையிலேயே இருந்ததால் தப்பிக்கவும் வழியில்லை.

"பிரிசில்லா உங்க மேனேஜரா? எப்படி நடத்தறாங்க?"

"ஆமா" என்றேன். அக்கா முறைத்தாள். இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "ஓனரையே பேச விடாது" என்றேன்.

திவ்யா சிரித்தது கடை முழுக்கக் கேட்டது.

இரண்டு நாளில் தகுதி உண்டு என்று பிரிசில்லாவுக்குத் தகவல் வந்தது. அவள் ஃபோனை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"பாஸா?" என்றாள் அக்கா.

"இல்ல அத்த. பரீட்ச எழுதத் தகுதி வந்துடுச்சு."

"எழுதறதுக்கே இவ்ளோ கூத்தா? பாஸ் பண்ணா இன்னும் இன்னா கேப்பானுங்க?"

பிரிசில்லா சிரித்துவிட்டு, மறுபடி ஃபோனைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "ஞாயித்துக்கெழம வச்சிருக்கானுங்க, மெட்ராஸ்ல" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கடையை மூடினதாக எனக்கு நினைவில்லை. அவள் இல்லாமல் திறந்தால் என்ன ஆகும் என்பதை எல்லோரும் பார்த்திருந்தோம்.

அக்கா கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவள் முன்னால் போய் நின்றாள்.

"மேனேஜரு மேடம், ஞாயித்துக்கெழம எனக்கு லீவு வேணும்."

"எதுக்கு?"

"எங்க அண்ணன் பொண்ணுக்குப் பரீட்ச. தொணைக்குப் போணும்."

"கடை?"

"அது உன் தலவலி. நான் வேல செய்யறவ."

"எனக்கும் லீவு வேணும்" என்றார் சின்னராசு மாமா, தட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு. அவரும் அந்தக் கடையில் வேலை செய்கிறார் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.