கர்னலின் கழுத்து மணி

பிளாக்பள்ளியில் ஒரு சந்தில் இருந்துகொண்டு, பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலின் பூசை உடுப்புகளுக்கு ஒட்டுப்போட்டுப் பிழைத்தவள் பிரிஜெட். தவக்காலத்து வெயில் தொடங்கியதும் பறவைகளுக்கென்று மதில்மேல் ஒரு சட்டித் தண்ணீர் வைப்பாள். கூடு இருக்கும் மாதங்களில் மருதாணி வேலியில் யாரையும் கத்தரி வைக்க விடமாட்டாள்.

"இது வேலியா, காடா?" என்று யாராவது கேட்டால், "உள்ளே பிள்ளைபெத்தவ படுத்திருக்கா, மெதுவா பேசுங்க" என்பாள்.

அந்த வருஷம் வேலிக்குள் கொண்டைக்குருவி மூன்று குஞ்சு பொரித்திருந்தது. எதிர்வீட்டுக் குமாஸ்தா ஓஸ்வால்டின் பூனை கர்னலும் அதைக் கவனித்துவிட்டது. முந்தின வருஷத்துக் குஞ்சுகளில் ஒன்றைக்கூட அது மிச்சம் வைக்கவில்லை.

"சார், குஞ்சு பறக்கிற வரைக்கும் பூனையை உள்ளே வைங்க."

"நான் என்ன ஜெயிலரா, பிரிஜெட்டம்மா?"

கோயிலில் உடைந்த மணிக்கொத்திலிருந்து கழித்துப்போட்ட சிறுமணி ஒன்று அவள் தையல் பெட்டியில் கிடந்தது. கருவாட்டுத் துண்டைக் காட்டிக் கர்னலைக் கூப்பிட்டாள்; அது தின்று முடிப்பதற்குள் மணியை நாடாவில் கோத்துக் கழுத்தில் கட்டிவிட்டாள். சத்தம் கேட்டால் துடைப்பத்தோடு ஓடலாம் அல்லவா?

அது எந்த மணி என்பதை அவள் யோசிக்கவில்லை. சாகக் கிடப்பவர்களுக்குக் கோயில் சாமியார் நற்கருணை அப்பம் கொண்டுபோகும்போது, முன்னால் அவருக்குத் துணையான உபதேசியார் அந்த மாதிரி மணியைத்தான் அடித்துக்கொண்டு நடப்பார். கேட்டவர்கள் இருந்த இடத்திலேயே முழந்தாளிட வேண்டும்.

மறுநாள் காலை சந்துக்குள் மணியோசை நுழைந்தது. குழாயடிப் பெண்கள் குடத்தோடு முழந்தாளிட்டார்கள். ஜட்காக்காரர் வண்டியிலிருந்து குதித்தார். ஆபீசுக்குக் கிளம்பிய ஓஸ்வால்டும் வெள்ளைக் கால்சட்டையோடு மண்டியிட்டார், சரியாகக் குதிரைச் சாணத்தில். குனிந்த தலைகளுக்கு நடுவே, வாலை நிமிர்த்தியபடி கர்னல் நடந்து போயிற்று.

"யாருக்கு அவஸ்தை?" என்று பதறினார் ஓஸ்வால்ட்.

"உங்க கால்சட்டைக்குத்தான் சார்!" என்றாள் குழாயடியில் ஒருத்தி.

மணியைக் கழற்றப் போன ஓஸ்வால்டுக்குக் கையெல்லாம் கீறல்தான் மிச்சம். இரண்டொரு நாளில் சந்து பழகிக்கொண்டது. மணி கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமை மணி மறுபடி கேட்டது. பெண்கள் குடம் நிறைவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகத்தில் சோப்பு நுரையோடு நின்ற ஓஸ்வால்ட், "ஒழிஞ்சு போ, சனியனே!" என்று சவரத் தண்ணீரைத் தன் வீட்டு மதிலுக்கு வெளியே வீசினார்.

அது உபதேசியாரின் தலையில் விழுந்தது. பின்னால் நின்றவர் சாமியார்.

நோயாளியைப் பார்த்துத் திரும்பியதும் சாமியார் பிரிஜெட்டையும் ஓஸ்வால்டையும் கூப்பிட்டார். "மணியை இப்பவே கழற்றணும்."

பிரிஜெட்டுக்கு அழுகை வந்துவிட்டது. "குஞ்சு இன்னும் பறக்கலையே, சாமி."

சாமியார் ஓஸ்வால்டின் காதோரத்தில் காய்ந்திருந்த நுரையைப் பார்த்தார். "அப்போ பூனை வீட்டுக்குள்ளே இருக்கட்டும். அதுக்கு மீன் நீ கொடு, பிரிஜெட். ரெண்டு பேருக்கும் இதுதான் அபராதம்."

குஞ்சுகள் மூன்றும் பறந்தன. பிரிஜெட் மறுநாளே மீனை நிறுத்தினாள். மத்தியானம் ஓஸ்வால்ட் கர்னலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"பிரிஜெட்டம்மா, இவன் வேலியையே பார்க்கிறான்."

"பார்க்கட்டும். அதான் பறந்தாச்சே."

"திரும்ப முட்டை வைக்காதா?"

அவள் வேலியைப் பார்த்தாள். வாயில் நாரோடு கொண்டைக்குருவி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

"சரியான பேஜாரு மனுஷன்" என்று திட்டிக்கொண்டே, கூடையை எடுத்துக்கொண்டு மீன் வாங்க ரசல் மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள்.