ஹனீபா மாஸ்டரின் மூன்றாவது கோடு

ஹனீபா மாஸ்டர் மௌத்தான செய்தி பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வந்தபோது நான் சவரம் செய்து கொண்டிருந்தேன். கன்னத்தில் சோப்பு காயும்வரை அப்படியே நின்றேன். துக்கத்தைவிட, ‘இனி அவரிடம் சொல்ல முடியாதே’ என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. வெட்கமாக இருக்கிறது.

கல்முனையில் ஒரே பாடசாலையில் அவர் தாவரவியலும் நான் கணிதமும் படிப்பித்தோம். முதுமாணிப் பட்டத்துக்காக வேப்பிலையின் புரதங்களை அவர் ஆராய்ந்து வந்தார். “வேம்பெண்டா எல்லாரும் கசப்பத்தான் கதைக்கிறாங்க. புண்ண ஆத்துறது கசப்பு மட்டுந்தானா, மாஸ்டர்?” என்பார். இலை வாடினால் புரதம் சிதைந்துவிடும். அதனால் மீன்காரர்களிடம் ஐஸ் வாங்கி, பெட்டியில் இலையை வைத்து அரைக்கும்வரை குளிர் குறையாமல் காப்பார்.

எண்பத்தொன்றில் ஒரு சனிக்கிழமை, நிந்தவூரில் என் மனைவி வீட்டு வேம்பிலிருந்து இலை கொண்டுவரும் பொறுப்பு என்னுடையது. வழியில் சாய்ந்தமருதில் அப்போதுதான் கரைவலை இழுத்திருந்தார்கள். கீரிமீன் துள்ளியது. கையில் ஐஸ் பெட்டி இருக்கும்போது யாருக்குத்தான் மனம் கேட்கும்? மீனை அதற்குள்ளேயே போட்டேன். கல்முனையில் இறங்கிப் பார்த்தால், இலைப் பையெல்லாம் மீன் தண்ணீர். குழாயடியில் இரண்டு அலசு அலசிக் கொடுத்துவிட்டேன். வேம்பின் வாடையில் மீன் வாடை அடங்கிவிட்டது.

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அந்தச் சாற்றுக்கு மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தார்கள். புரதங்கள் நீலக் கோடுகளாகத் தெரிந்தன. வழக்கமான இரண்டுக்குக் கீழே மூன்றாவதாக ஒன்று. படத்தோடு ஓடி வந்தார். “பாருங்க மாஸ்டர்! ஒரு புத்தகத்திலயும் இல்லாத ஒண்டு நம்முட நிந்தவூர் வேம்புல இரிக்கி!” அந்த முகத்தைப் பார்த்து, அது கீரிமீனாக இருக்கும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நாளைக்குச் சொல்வோம் என்று விட்டேன்.

அந்தக் கோட்டைத் தேடி இரண்டு வருடம் அலைந்தார். அது மறுபடி வரவேயில்லை. அதை நீக்கிவிட்டு எழுதினால் பட்டம் தரலாம் என்றார் பேராசிரியர். இவர் மறுத்தார். “கண்டத்தக் காணல்ல எண்டு எப்படி எழுதுற?” என்று என்னிடமே கேட்டார். ஆய்வு அத்தோடு நின்றது. ‘இல்லாததைக் கண்ட மாஸ்டர்’ என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களோடு தேநீர் குடித்தவன் நான்.

ஜனாஸாத் தொழுகைக்கு முன் மூத்த மகன் எழுந்து, “வாப்பா ஆருக்கும் மனநோவு குடுத்திருந்தா பொருந்திக்கொள்ளுங்க” என்றான். “பொருந்திட்டம்” என்று மன்னித்தது கூடியிருந்த ஜமாஅத். நானும் சொன்னேன். அவரிடம் நான் பொருத்தம் கேட்க அங்கே வழி இருக்கவில்லை.

அவரை அறிந்தவர்களே, அவர் இல்லாததைக் காணவில்லை. அந்தக் கோடு அங்கே இருந்தது. அதைப் போட்டவன் நான். கண்டதைக் கண்டபடி சொல்லும் அவருடைய பிடிவாதத்தில் ஒரு துளியை இன்று கடன் வாங்கியே இதை எழுதுகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அவர் காதில் விழக்கூடிய காலத்தில் அது எனக்கு வரவில்லை.