மெசினி அரங்கில் ஒரு கூவல்

உடும்பஞ்சோலையில் ஏலக்காட்டைக் கவனிக்காமல் கிரேக்கர்களைப் பற்றிப் படித்தே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கும் மகள் எங்களைப் பழைய கிரேக்க நகரமான மெசினிக்கு அழைத்துப்போனபோது, வழிகாட்டி வேண்டாம், நானே போதும் என்று சொல்லிவிட்டேன். முதல் தூண் வரிசையிலேயே வழி தவறினேன்.

அந்தப் பழைய ஊர் என்னைப் பொறுத்துக்கொண்டது. மலைச்சரிவில் மழைநீர் போவதற்குக் கிரேக்கர்கள் வெட்டிய கல் வாய்க்கால் இன்றும் கோணாமல் கிடக்கிறது. என் தோட்டத்தில் நான் வெட்டிய வாய்க்கால் முதல் மழைக்கே தண்ணீரைச் சமையலறைக்குள் கொண்டுவந்தது. குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தேன். பொறாமைகூட வரவில்லை.

என் மனைவி பின்னால் நடந்து வந்தாள். கழுத்தில் தைராய்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் குரல் பாதியாகிவிட்டது. மாதா கோயில் பாட்டுக்குழுவில் முன்னால் நின்றவள், இப்போது கடைசி பெஞ்சில் வாயை மட்டும் அசைக்கிறாள். என்னைத் திட்டுவதும் நின்றுபோனது. நிம்மதி என்று நினைத்தேன். அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

கல் படிகள் அரைவட்டமாக ஏறும் நாடக அரங்குக்கு வந்தோம். "நடுவுல நின்னு மெதுவாப் பேசினாலே மேல்படிக்குக் கேக்கும்" என்றேன்.

"படிச்சத ஒப்பிக்காதீக" என்றாள் மனைவி.

"நீயே நின்னு பாரும்மா" என்றாள் மகள்.

"எந்தொண்ட அடுப்படியவே தாண்டல, இதுல கிரேக்கமா?"

நான் மூச்சிரைக்க மேல்படிக்கு ஏறி உட்கார்ந்தேன். கீழே, வட்டத்தின் நடுவில், அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பாடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையை வாயருகே குவித்தாள்.

"கூஊய்! கஞ்சி ஆறுது, வாரீகளா?"

ஏலச்செடி ஆளை மறைக்கும். அதனால் எங்கள் மலையில் மத்தியானம் வீட்டிலிருந்து இப்படித்தான் கூப்பிடுவார்கள். காட்டுக்குள் இருப்பவன் உடனே பதில் கூவ வேண்டும். கூவாவிட்டால் யானையோ பாம்போ என்று ஊரே தேடி வந்துவிடும்.

சின்னக் குரல்தான், நடுவில் ஓர் இடத்தில் உடைந்தது. ஆனால் அந்தக் கற்கள் உடைந்த இடத்தைக்கூடச் சிந்தாமல் என் காதருகே கொண்டுவந்து வைத்தன. இதைக் கட்டியவர்களுக்குக் கோயில் கட்டலாம் என்று நினைத்து முடிப்பதற்குள் என் உடம்பு எழுந்துவிட்டது.

"கூஊஊய்!"

சுற்றுலாக் கூட்டம் மொத்தமும் திரும்பியது. காவலாளி விசில் ஊதினார்.

"அப்பா! இது என்ன நம்ம ஏலக்காடா?" என்று மகள் தலையில் கைவைத்தாள்.

மனைவி யாரையும் கவனிக்கவில்லை. "மெய்யாவே கேட்டுச்சா?" என்றாள், நின்ற இடத்திலேயே, சாதாரணமாக.

"கேட்டுச்சு."

"பொய் சொன்னா பாருங்க. என்ன சொன்னேன்?"

"கஞ்சி ஆறுதுன்ன."

ஒரு கணம் கழுத்துத் தழும்பில் கை வைத்துக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள். இறங்கி வர இவ்வளவு நேரமா, அந்த ஆளு விசில் அடிக்கிறது காதுல விழலையா, வந்த இடத்துலயும் மானத்த வாங்கணுமா. ஒரு சொல் விடாமல் கேட்டது.

காவலாளி கையசைத்து விரட்டிக்கொண்டே இருந்தார். முழங்கால் வலிப்பதுபோல் பிடித்துக்கொண்டு, நான் படிப்படியாக நின்று நின்று இறங்கினேன்.